பிரெஞ்சின் ப்ள்யூஸ்கபர்ஃபே ஸ்யூப்ஜோன்க்திஃப்: பன்னிரண்டு வடிவங்களைக் கொண்டு கற்கும் வழி

சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தை என்று பெரியவர்கள் இன்னும் அழைக்கும் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்துத் தோட்டங்களுக்கும் பிரெஞ்சு மொழிக்கும் இடையிலான தொடர்பு நூறாண்டைக் கடந்தது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் தோட்டம் 1917இல் இங்கேதான் உருவானது. அதை உருவாக்கியவர் ஆன்றி ஃபொக்கோன்யே என்னும் பிரெஞ்சுத் துரை. மலாயாத் தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய 'மலேஸி' என்ற நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. இந்த வட்டாரத்தில் பிறந்து, இடைநிலைப் பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ கோலாலம்பூரின் அலியான்ஸ் ஃப்ரான்செஸிலோ பிரெஞ்சு கற்ற ஒருவருக்கு, தம் பாட்டன் பாட்டி ரப்பர் மரங்களில் பால்வெட்டிய மண்ணைப் பற்றிய நூலை மூலமொழியிலேயே படிக்க வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு.

அந்தக் கால இலக்கியப் பிரெஞ்சைக் கையில் எடுத்தவுடன், வகுப்பறையில் ஒருமுறைகூடக் காதில் விழாத வினைவடிவங்கள் எதிர்ப்படுகின்றன. அவற்றுள் மிகக் கடினமானது என்று பெயர் வாங்கியிருப்பது ப்ள்யூஸ்கபர்ஃபே ஸ்யூப்ஜோன்க்திஃப். அச்சம், விருப்பம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும் வாக்கியங்களைச் சார்ந்து வரும் வினைவடிவங்களை ஸ்யூப்ஜோன்க்திஃப் என்பார்கள். அவற்றுள், கடந்தகாலத்தில் ஒரு நேரத்துக்கும் முன்பே முடிந்த செயலைக் காட்டுவது ப்ள்யூஸ்கபர்ஃபே. கடினம் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. பாடநூல்கள் இதைக் கடைசிப் பக்கங்களில் விளக்கமின்றி ஒரு பட்டியலாகத் தள்ளிவிடுவதால் மாணவர்கள் ஒவ்வொரு வினைக்கும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டும் என்று அஞ்சுகிறார்கள். உண்மையில் மனப்பாடம் செய்ய வேண்டியவை பன்னிரண்டு வடிவங்கள். அந்தப் பன்னிரண்டிலும் பின்பாதி, முன்பாதியின் முதலெழுத்தை மாற்றினால் கிடைத்துவிடும்.

தொடங்குமுன் எழுத்துமுறை பற்றி ஒரு குறிப்பு. பிரெஞ்சுச் சொற்களை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். எழுத்துக்கூட்டல் முக்கியமாகும் இடங்களில், ரோமன் எழுத்துகளை நாம் பள்ளியில் சொல்லிப் பழகிய ஆங்கிலப் பெயர்களால், இ, யு, எஸ், டி என்று, குறிப்பிடுகிறேன். நோட்டுப் புத்தகத்தில் நீங்கள் அவற்றை ரோமன் எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பிரெஞ்சுச் சொற்களில் 'யூ' என்று நான் எழுதும் ஒலியில் யகரம் இல்லை. நாக்கை 'ஈ' என்று சொல்லும் நிலையில் வைத்துக்கொண்டு, உதடுகளை மட்டும் 'ஊ' என்பதற்குப் போல் குவித்தால் எழும் ஒற்றை உயிரொலி அது. இந்தப் பாடம் முழுவதும் அந்த ஒலியின்மீது நிற்பதால், அதைச் சரியாக ஒலிக்கப் பழகிய பிறகு மேலே படிப்பது நல்லது.

வடிவத்தின் அமைப்பு

'வந்திருந்தேன், வந்திருந்தாய், வந்திருந்தார்கள்' என்ற வரிசையைப் பாருங்கள். 'வந்து' என்பது எங்கும் மாறவில்லை. யார் என்பதைக் காட்டும் விகுதியை 'இரு' என்ற துணைவினையே ஏந்துகிறது. பிரெஞ்சின் இந்த வடிவமும் அதே முறையில் அமைந்தது. துணைவினை ஒன்று, பொருள் தரும் வினையின் இறந்தகால எச்சம் ஒன்று, ஆக இரண்டு சொற்கள். தன்மை, முன்னிலை, படர்க்கை, ஒருமை, பன்மை எல்லாவற்றையும் துணைவினை காட்டுகிறது. வேறுபாடுகள் இரண்டே. பிரெஞ்சில் துணைவினை முன்னால் வரும். அது வினையைப் பொறுத்து 'அவ்வார்' ஆகவோ 'எத்ர்' ஆகவோ இருக்கும். 'அவ்வார்' என்பது 'உடைத்தாயிரு' என்ற பொருளுள்ள வினை, 'எத்ர்' என்பது 'இரு' என்னும் வினை. இந்தத் துணைவினையை ஸ்யூப்ஜோன்க்திஃபின் இம்பர்ஃபே என்னும் முடிவுறா இறந்தகால வடிவத்தில் வைத்து, பின்னால் எச்சத்தைச் சேர்த்தால் வேலை முடிந்தது.

முதலில் 'அவ்வார்'. இதன் அடி இ-யு-எஸ்-எஸ் என்ற நான்கு எழுத்துகள். 'நான்' என்பதற்கு அடியோடு ஓர் இ சேரும். 'ஜ்யூஸ்' என்று ஒலிக்கும். 'நீ' என்பதற்கு இ-எஸ் சேரும், 'த்யூ யூஸ்'. 'நாங்கள்' என்பதற்கு ஐ-ஓ-என்-எஸ் சேரும், 'நூ ஸ்யூஸ்யோன்'. 'நீங்கள்' என்பதற்கு ஐ-இ-ஸெட் சேரும், 'வூ ஸ்யூஸ்யே'. 'அவர்கள்' என்பதற்கு இ-என்-டி சேரும், 'இல் ஸ்யூஸ்'. பன்மைப் பெயர்களுக்கும் வினைக்கும் நடுவில் கேட்கும் ஸகரம், முந்தைய சொல்லின் ஊமை எஸ் அடுத்து வரும் உயிரோடு புணர்வதால் எழுவது. அதை ஆங்கில ஸெட் போல அதிர்வோடு ஒலிக்க வேண்டும். ஐந்தைச் சொல்லி 'அவன், அவள்' என்ற படர்க்கை ஒருமையை விட்டுவைத்திருக்கிறேன். அது மட்டும் இந்த அடியைப் பின்பற்றாது. இ எழுதி, அடுத்து தலையில் கூரைபோல் நிற்கும் சிர்கோன்ஃப்ளெக்ஸ் குறியோடு யு எழுதி, இறுதியில் டி எழுத வேண்டும். ஒலி வெறும் 'யூ'; 'இல் யூ', 'எல் யூ'. கூரைக்குறி என்று இனிமேல் நான் சொல்வது இதைத்தான்.

இப்போது 'எத்ர்'. மேலே எழுதிய ஆறு வடிவங்களிலும் முதலெழுத்தான இ என்பதை அழித்துவிட்டு எஃப் எழுதுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். 'ஜ ஃப்யூஸ், த்யூ ஃப்யூஸ், இல் ஃப்யூ, நூ ஃப்யூஸ்யோன், வூ ஃப்யூஸ்யே, இல் ஃப்யூஸ்' என்று ஆறும் வந்துவிடும். படர்க்கை ஒருமையின் கூரைக்குறியும் அப்படியே நிற்கும். எஃப் மெய்யெழுத்தாகையால் பன்மையில் நடுவே ஸகரம் தோன்றாது.

பாஸே ஸேம்ப்ள் என்ற எழுத்துவழக்கு இறந்தகாலத்தை முன்பே கற்றவர்கள், அதன் 'நீ' வடிவத்தோடு எஸ்-இ சேர்த்தால் இங்குள்ள 'நான்' வடிவம் கிடைப்பதைக் கவனித்திருப்பார்கள். கற்காதவர்கள் அதற்காகத் திரும்பிப் போக வேண்டியதில்லை.

தனித்தனியே ஒலிக்கும்போது 'யூஸ்' என்ற ஒரே ஒலிக்கு மூன்று எழுத்துக்கூட்டல்கள் இருப்பதை இந்நேரம் உணர்ந்திருப்பீர்கள். ஆகவே இந்தப் பாடத்தை வாயால் சொல்லி மட்டும் கற்க முடியாது. தினமும் ஒருமுறை, ஆறு வரிகளை எழுதி, ஒவ்வொரு நாளும் வேறொரு வினையின் எச்சத்தை அவற்றின் பின்னால் சேர்த்து எழுதினால் கை அதைப் பழகிக்கொள்ளும். மாலையில் பிள்ளைகள் கோயில் மண்டபத்தில் தேவாரம் எழுதிப் பழகுவதற்குச் செலவிடும் நேரமே போதும்.

எச்சத்தை அமைப்பது

இறந்தகாலத்தைப் பேச்சில் சொல்லப் பழகிய எவருக்கும் இந்தப் பகுதி ஏற்கெனவே தெரியும். இ-ஆர் என்று முடியும் வினைகள் கூரான குறியோடு கூடிய இ-யில் முடியும்: 'பார்லே' என்ற பேசுதல் வினை ஒலி மாறாமல் 'பார்லே' என்றே நிற்கும். ஐ-ஆர் என்று முடிபவை பெரும்பாலும் ஐ-யில் முடியும்: 'ஃபினீர்' என்ற முடித்தல் வினை 'ஃபினி' ஆகும். ஆர்-இ என்று முடிபவற்றில் பல யு-வில் முடியும்: விற்றலைக் குறிக்கும் 'வாந்த்ர்' என்பது 'வாந்த்யூ' ஆகும்.

ஒழுங்கில் அடங்காதவை அடிக்கடி வருபவை என்பதால் அவற்றைத் தனியே கற்க வேண்டும். எடுத்தலுக்கு 'ப்ரி', வைத்தலுக்கு 'மி', செய்தலுக்கு 'ஃபே', சொல்லுதலுக்கு 'தி', எழுதுதலுக்கு 'எக்ரி', காணுதலுக்கு 'வ்யூ', அறிதலுக்கு 'ஸ்யூ', இயலுதலுக்கு 'ப்யூ', திறத்தலுக்கு 'ஊவேர்', பெறுதலுக்கு 'ரஸ்யூ', பிறத்தலுக்கு 'நே', இறத்தலுக்கு 'மோர்'. துணைவினைகளும் பொருள் தரும் வினையாக வரலாம். அப்போது 'எத்ர்' என்பதன் எச்சம் 'ஏதே', 'அவ்வார்' என்பதன் எச்சம் 'யூ'. இவ்விரண்டுக்கும் துணைவினை 'அவ்வார்' தான். ஆகவே 'ஜ்யூஸ் ஏதே', 'ஜ்யூஸ் யூ' என்று வரும். முறையான வாசிப்பில் படர்க்கை ஒருமையின் ஊமை டி, உயிரெழுத்தில் தொடங்கும் எச்சத்தின் முன் விழித்துக்கொள்ளும்: 'இல் யூ தேதே', 'இல் ஃப்யூ தாலே'.

எந்தத் துணைவினை?

பெரும்பாலான வினைகளுக்கு 'அவ்வார்' வரும். 'எத்ர்' கொள்பவை இரண்டு கூட்டம். முதற்கூட்டம், போக்குவரவையும் நிலைமாற்றத்தையும் குறிக்கும் சில வினைகள்: போதல் 'அலே', வருதல் 'வெனீர்', வந்துசேர்தல் 'அரிவே', புறப்படுதல் 'பார்தீர்', நுழைதல் 'ஆன்த்ரே', வெளியேறுதல் 'ஸோர்தீர்', ஏறுதல் 'மோன்தே', இறங்குதல் 'தெஸாந்த்ர்', பிறத்தல் 'நேத்ர்', இறத்தல் 'மூரீர்', தங்குதல் 'ரெஸ்தே', விழுதல் 'தோன்பே', திரும்புதல் 'ரதூர்னே', கடந்துபோதல் 'பாஸே', இவற்றின் அடியாகப் பிறந்த 'ரவெனீர்', 'தவெனீர்' போன்றவை. இரண்டாம் கூட்டம், 'ஸ' என்ற தற்சுட்டுப் பெயரோடு வரும் வினைகள் அனைத்தும். 'ஸ லெவே' என்ற எழுந்திருத்தல் வினை ஓர் எடுத்துக்காட்டு.

ஏறுதல், இறங்குதல், வெளியேறுதல் முதலிய சில வினைகள் செயப்படுபொருளை ஏற்கும்போது 'அவ்வார்' பக்கம் தாவிவிடும். குன்றிலிருந்து ஒருவர் தாமே இறங்கியிருந்தால் 'இல் ஃப்யூ தெஸாந்த்யூ'. பால்வாளிகளை இறக்கியிருந்தால் 'இல் யூ தெஸாந்த்யூ லே ஸோ'. தமிழில் 'இறங்கு', 'இறக்கு' என்று வினையடியே மாறித் தன்வினை பிறவினையைக் காட்டிவிடுகிறது; பிரெஞ்சு அந்த வேலையைத் துணைவினையிடம் ஒப்படைத்திருக்கிறது.

'எத்ர்' வரும்போது எச்சம் பொதுவாக எழுவாயோடு இயையும். பெண்பாலுக்கு ஓர் இ, பன்மைக்கு ஓர் எஸ், பெண்பாற் பன்மைக்கு இரண்டும். 'எல் ஃப்யூ வென்யூ' என்பதில் இறுதி இ காதுக்குக் கேட்காது, ஆனால் எழுத வேண்டும். 'மோர்' என்பது 'மோர்த்' ஆகும்போது மாற்றம் காதுக்கும் கேட்கும். 'அவ்வார்' வரும்போது எச்சம் எழுவாயைக் கவனிக்காது. செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்துவிட்டால் மட்டும் அதனோடு இயையும். இதற்கு எடுத்துக்காட்டு கீழே வருகிறது.

படர்க்கை ஒருமை: அதிகக் கவனம் கோரும் இடம்

நூல்களில் இந்த வடிவம் மிக அடிக்கடி வருவது படர்க்கை ஒருமையில்தான். கதை சொல்பவர் ஒருவரைப் பற்றியோ ஒன்றைப் பற்றியோ சொல்லிக்கொண்டு போவதே இதற்குக் காரணம். பிழைகள் மிகுவதும் அங்கேதான், ஏனெனில் கூரைக்குறி இல்லாத இ-யு-டி, எஃப்-யு-டி என்ற வேறிரண்டு வடிவங்கள் பிரெஞ்சில் உள்ளன. அவை பாஸே ஸேம்ப்ள் வடிவங்கள். எச்சத்தோடு சேரும்போது பாஸே ஆந்தேரியர் என்ற வேறொரு காலமாகி, நடந்துமுடிந்த உண்மை நிகழ்ச்சியைக் கூறும். ஒலியில் சிறிதும் வேறுபாடு இல்லை. கண் ஒன்றே துணை.

ஆலைச் சங்கை வைத்து இரண்டு வாக்கியங்கள் பார்ப்போம். 'அப்ரே க லா ஸிரேன் யூ ஸொன்னே' என்றால் 'சங்கு ஊதிய பின்பு'. 'அவான் க லா ஸிரேன் யூ ஸொன்னே' என்றால் 'சங்கு ஊதுவதற்கு முன்பு'. முதல் வாக்கியத்தில் சங்கு ஊதியாயிற்று, அது உண்மை நிகழ்ச்சி, கூரைக்குறி இல்லை. இரண்டாவதில், பேசப்படும் நேரத்தில் சங்கு இன்னும் ஊதவில்லை. ஆகவே ஸ்யூப்ஜோன்க்திஃப், ஆகவே கூரைக்குறி. இன்றைய பிரெஞ்சுக்காரர்களில் பலரே 'அப்ரே க' என்பதன் பின்னும் ஸ்யூப்ஜோன்க்திஃபைப் பயன்படுத்துகிறார்கள். இலக்கண நூல்கள் அதை ஏற்பதில்லை. எழுதும்போது நாமும் ஏற்க வேண்டாம்.

ஐயம் எழுந்தால் எழுவாயைப் பன்மையாக்கிப் பாருங்கள். பன்மையில் 'யூர்' என்று வருமானால் அது பாஸே ஆந்தேரியர், கூரைக்குறி வேண்டாம். 'யூஸ்' என்று வருமானால் கூரைக்குறி கட்டாயம். இந்தச் சோதனையில் இரு வடிவங்களும் ஒலியிலேயே பிரிந்துவிடுவதால் கண்ணின் வேலையைக் காதும் பகிர்ந்துகொள்கிறது. மற்றொரு சோதனை, துணைவினையின் இடத்தில் 'ஓரே' என்ற கோந்திஸியோனெல் வடிவத்தை, அதாவது 'இருப்பார்' என்னும் பொருள் தரும் நிபந்தனை வடிவத்தை, வைத்துப் படிப்பது. பொருள் கெடாமல் பொருந்தினால் அங்கேயும் கூரைக்குறி வேண்டும்.

இந்தக் குறி வெறும் அலங்காரமன்று. இலத்தீனில் 'ஃபுயிஸ்ஸெத்' என்றிருந்த சொல், பழைய பிரெஞ்சில் 'ஃப்யூஸ்த்' என்றாகி, பின்னர் எஸ் ஒலி மறைந்தபோது, மறைந்த எழுத்தின் இடத்தைக் காட்ட யு-வின் தலையில் இக்குறி ஏறியது. மற்ற ஐந்து வடிவங்களில் இரட்டை எஸ் இன்றுவரை நிற்பதையும் இதனோடு சேர்த்துப் பாருங்கள். ஆறாவதில் அந்த எஸ் கூரையாக நிற்கிறது. இலத்தீனில் அந்த ஒற்றைச் சொல்லே ப்ள்யூஸ்கபர்ஃபே பொருளைத் தந்தது. பிரெஞ்சில் அது இம்பர்ஃபே பொருளுக்கு இறங்கிவிட்டதால், இழந்த பொருளை மீட்கத் துணைவினையை வைத்துப் புதிய கூட்டு வடிவம் தேவைப்பட்டது. 1990இல் வெளியான எழுத்துத் திருத்தங்கள் ஐ, யு ஆகியவற்றின்மேல் இருந்த கூரைக்குறியைப் பல சொற்களில் விருப்பத்துக்கு விட்டன. ஆனால் இந்த வினைமுடிவுகளில் அதை நீக்கவில்லை. 'புதிய முறையில் குறி வேண்டாம்' என்று யாராவது சொன்னால், இந்த வடிவத்துக்கு அது பொருந்தாது.

எங்கே வரும்?

கடந்தகாலத்தில் ஒருவர் அஞ்சினார், விரும்பினார், ஐயுற்றார், அல்லது ஒன்று கட்டாயமாயிருந்தது என்று முதன்மை வினை சொல்ல, அதற்கும் முன்பே நடந்துமுடிந்திருக்க வேண்டிய செயலைச் சார்பு வாக்கியம் கூறும்போது இந்த வடிவம் வரும். 'ஜ க்ரேன்யே க ல கமியோன் ந ஃப்யூ பார்தி': லாரி புறப்பட்டுப் போயிருக்குமோ என்று அஞ்சினேன். இதில் உள்ள 'ந' எதிர்மறை அன்று. அச்சத்தைக் குறிக்கும் வினைகளுக்குப் பின் இலக்கியப் பிரெஞ்சில் வரும் பொருளற்ற அசைச்சொல் அது; அதை எதிர்மறையாகக் கொண்டால் வாக்கியத்தின் பொருள் தலைகீழாகிவிடும். உண்மையான எதிர்மறையில் 'ந' துணைவினைக்கு முன்பும் 'பா' அதற்குப் பின்பும் நிற்கும். கட்டாயத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு: 'இல் ஃபலே கில் ஸ்யூஸ் ஃபினி அவான் லா ப்ளுயி', மழைக்கு முன் அவர்கள் முடித்திருக்க வேண்டியிருந்தது.

சில இணைப்புச் சொற்களும் இதைக் கோரும். 'அவான் க' மேலே வந்தது. 'இருந்தபோதிலும்' என்ற பொருள் தரும் 'பியேன் க' மற்றொன்று: 'பியேன் கெல் ஃப்யூ நே தான் லா ப்ளான்தாஸியோன், எல் ந கொன்னேஸே பா ல்யூஸீன்', தோட்டத்தில் பிறந்திருந்தும் அவள் ஆலையை அறியாள். இங்கே பிறந்தது உண்மைதான். ஆனாலும் 'பியேன் க' என்பதன் பின் ஸ்யூப்ஜோன்க்திஃப் வருவது பிரெஞ்சின் மரபு. 'ஸ்யூப்ஜோன்க்திஃப் என்றால் ஐயம்' என்ற ஒற்றை விதியோடு நின்றுவிடுபவர்கள் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள்.

'மிக' என்ற உச்சநிலையைத் தொடர்ந்து வரும் வாக்கியத்திலும் இந்த வடிவத்தைக் காணலாம். இது எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு. 'ஸெதே லே ப்ள்யூ வியோ ஸெவேயா கில் யூ ஜமே ஸேன்யே': அவர் அதுவரை பால்வெட்டியிருந்த மரங்களிலேயே மிகப் பழையவை அவை. பால்வெட்டுக்குப் பிரெஞ்சில் வழங்கும் வினை 'ஸேன்யே'. மரங்கள் வினைக்கு முன்பே வந்துவிட்டமையால், 'அவ்வார்' துணையாக இருந்தும், எச்சத்தின் இறுதியில் பன்மை எஸ் எழுத வேண்டும். முன்னர் சொன்ன இயைபு விதிக்கு இதுவே எடுத்துக்காட்டு. ஒரே வாக்கியத்தில் உச்சநிலை, கூரைக்குறி, இயைபு ஆகிய மூன்றும் அமைந்திருப்பதால் இதை எழுதிச் சுவரில் ஒட்டிவைப்பது வீண்போகாது.

இறுதியாக, நிபந்தனை. இங்கே வடிவம் மாறாது, பொருள் மட்டும் மாறும். 'ஸி ஜ்யூஸ் ஸ்யூ, ஜ ஃப்யூஸ் வென்யூ': தெரிந்திருந்தால் வந்திருப்பேன். தமிழ் வாக்கியத்தின் இரு பாதியிலும் 'இரு' நிற்பது போலவே பிரெஞ்சின் இரு பாதியிலும் இந்த வடிவம் நிற்கிறது. இரண்டில் ஒரு பாதியை மட்டும் இவ்வாறு அமைத்து, மறு பாதியை வழக்கமான வடிவத்தில் விடுவதும் உண்டு. கிளியோபாத்ராவின் மூக்கு இன்னும் குட்டையாக இருந்திருந்தால் உலகின் முகமே மாறியிருக்கும் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கலின் புகழ்பெற்ற வாக்கியத்தில், மூக்கைப் பற்றிய முதற்பாதி 'ஸில் யூ தேதே' என்று இந்த வடிவத்திலும், உலகைப் பற்றிய பிற்பாதி சாதாரணக் கோந்திஸியோனெல் வடிவத்திலும் உள்ளன. 'ஸி' என்ற சொல்லையே விட்டுவிட்டு, எழுவாயைத் துணைவினைக்குப் பின்னால் தள்ளுவதும் உண்டு: 'யூதில் ப்ள்யூ, ஓன் ந்யூ பா ஸேன்யே', மழை பெய்திருந்தால் பால்வெட்டு நடந்திருக்காது. படிக்கும்போது, துணைவினைக்கு முன் 'க' என்ற இணைப்புச் சொல் இல்லாமல் கூரைக்குறி கண்ணில் பட்டால், 'இருந்தால், இருப்பார்' என்ற தமிழ் வடிவங்களை முதலில் பொருத்திப் பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும்.

படிப்பவருக்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. துணைவினை மட்டும் தனித்து நின்றால் அது இம்பர்ஃபே ஸ்யூப்ஜோன்க்திஃப். எச்சம் பின்தொடர்ந்தால்தான் நம் வடிவம். எச்சம் பின்தொடர்ந்தாலும் அவசரப்படக் கூடாது. 'பியேன் க லார்ப்ர் ஃப்யூ ஸேன்யே' என்பதில் 'எத்ர்' உள்ளது, எச்சமும் உள்ளது; ஆனால் பால்வெட்டுதல் 'எத்ர்' கொள்ளும் வினையன்று. ஆகவே இது 'மரம் பால்வெட்டப்பட்டுவந்தபோதிலும்' என்ற செயப்பாட்டு இம்பர்ஃபே. செயப்பாட்டில் நம் வடிவம் வேண்டுமானால் மூன்று சொற்கள் தேவை: 'யூ தேதே ஸேன்யே', அதாவது 'பால்வெட்டப்பட்டிருந்தபோதிலும்'. எந்த வினை எந்தத் துணைவினையைக் கொள்ளும் என்பதை மேலே அவ்வளவு விரிவாகச் சொன்னது இதற்காகவும்தான்.

எழுதும்போது

இந்த வடிவத்தைப் பேச்சில் பயன்படுத்த வேண்டாம். பாரிஸில் கடைக்காரரிடம் இப்படிப் பேசுவது, பெஸ்தாரி ஜெயா சந்தையில் மீன் வாங்கும்போது செய்யுள் நடையில் விலை கேட்பதைப் போன்றது. பேச்சிலும் கடிதத்திலும் இதன் இடத்தைப் பாஸே ஸ்யூப்ஜோன்க்திஃப் எடுத்துக்கொண்டுவிட்டது. 'இல் யூ' என்பதற்குப் பதில் 'இல் ஏ', 'இல் ஃப்யூ' என்பதற்குப் பதில் 'இல் ஸ்வா' என்று வரும். எச்சம் மாறாது. பிரெஞ்சுக் கல்வி அமைச்சு 1976 டிசம்பர் 28ஆம் நாள் வெளியிட்ட ஆணையும், தேர்வுகளில் இந்த எளிய வடிவத்தை ஏற்றுக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. ஆகவே தேர்வு எழுதும் மாணவருக்கு இதை எழுதியே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இலக்கியம் படிப்பவருக்கு அடையாளம் காணும் திறன் கட்டாயம். அந்தத் திறனை உறுதியாகப் பெறுவதற்கு, எழுதிப் பழகுவதைவிடச் சிறந்த வழியை நான் அறியேன்.

பழகுவதற்கு மூன்று வாக்கியங்கள் தருகிறேன். விடையைப் பார்க்குமுன் நீங்களே எழுதுங்கள். 'சங்குக்கு முன் அவள் எழுந்திருக்க வேண்டியிருந்தது.' 'அவர்கள் கடிதத்தைப் பெற்றிருந்தார்களா என்று ஐயுற்றேன்.' 'அதை அறிந்திருந்தால் நாங்கள் முன்னரே புறப்பட்டிருப்போம்.' மூன்றாவதில் இரு பாதியையும் இந்த வடிவத்திலேயே அமையுங்கள். ஒவ்வொன்றிலும் முதலில் எந்தத் துணைவினை என்று முடிவு செய்து, அடுத்து எழுவாய்க்கு ஏற்ற முடிவைச் சேர்த்து, அதன் பின் எச்சத்தை எழுதி, கடைசியாக இயைபைச் சரிபாருங்கள். வரிசையை மாற்றினால் இயைபு மறந்துபோகும்.

முதல் விடை: 'இல் ஃபலே கெல் ஸ ஃப்யூ லெவே அவான் லா ஸிரேன்'. தற்சுட்டு வினையாகையால் 'எத்ர்'. படர்க்கை ஒருமையாகையால் கூரைக்குறி. பெண்ணாகையால் 'லெவே' என்பதன் இறுதியில் குறியுள்ள இ-யை அடுத்து இன்னோர் இ. இரண்டாம் விடை: 'ஜ தூதே கில் ஸ்யூஸ் ரஸ்யூ லா லெத்ர்'. கடிதம் வினைக்குப் பின்னால் வருவதால் எச்சம் மாறவில்லை. 'யூஸ்' என்பதன் இறுதியில் இ-என்-டி எழுதினீர்களா என்று பாருங்கள். மூன்றாம் விடை: 'ஸி நூ ல்யூஸ்யோன் ஸ்யூ, நூ ஃப்யூஸ்யோன் பார்தி ப்ள்யூ தோ'. முதற்பாதியில் 'அதை' என்ற சுட்டு துணைவினையோடு ஒட்டி முன்னால் வந்துவிட்டது. அது ஒரு செய்தியைச் சுட்டுவதால் எச்சத்தில் மாற்றம் இல்லை. பிற்பாதியில் 'பார்தி' என்பதோடு எஸ் சேர வேண்டும். சொல்பவர்கள் அனைவரும் பெண்களாயின் இ-எஸ் சேர வேண்டும். ஆணும் பெண்ணும் கலந்திருந்தால் எஸ் மட்டும் போதும்.